லோரி நிறுவனப் பங்கை விற்றாலும் நில ஆதாய வரி வரலாம்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் 2006இல் நானும் என் மச்சானும் அவர் தம்பியும் சேர்ந்து, செம்பனைக் குலை ஏற்றும் லோரி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினோம். என் பெயரில் 30 விழுக்காடு. அதற்கு நான் போட்டது 30,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). 2022 ஆகஸ்டில் நிறுவனத்தின் பெயரில் 6 லட்சம் வெள்ளிக்குச் செம்பனை நிலம் வாங்கினோம். அதற்குப் பிறகு கணக்கும் காட்டுவதில்லை, கூட்டத்துக்கும் அழைப்பதில்லை. தீபாவளிக்குக்கூட யாரும் வீட்டுப் பக்கம் வரவில்லை. இப்போது என் பங்கை 3 லட்சத்துக்கு எடுத்துக்கொள்வதாக மச்சான் சொல்கிறார். பத்திரத்தில் 30,000 மட்டும் எழுதி, மீதியை ரொக்கமாகத் தருவாராம். பங்கு விற்றால் வரியே இல்லை என்பது அவர் பேச்சு. அக்காள் மகனோ 10 விழுக்காடு கட்டவேண்டும் என்கிறான். மச்சான்மேல் வழக்குப் போடலாமா?

பதில்: தீபாவளியையும் கூட்டத்தையும் ஒதுக்கி வையுங்கள். உங்கள் வரியைத் தீர்மானிப்பது ஒரே ஒரு தேதி. அது நீங்கள் பங்கு வாங்கிய 2006 அல்ல, நிறுவனம் நிலம் வாங்கிய 2022 ஆகஸ்ட்.

பர்சா பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பங்கு, யூனிட் டிரஸ்ட், வீட்டு நகை இவற்றைத் தனிநபர் விற்று லாபம் பார்த்தால் மூலதன ஆதாய வரி இல்லை. வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருந்தால் வருமான வரி வரும், அது தனி விஷயம். அக்காள் மகன் சொல்லும் 10 விழுக்காடு 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருப்பது உண்மை. ஆனால் பட்டியலிடாத பங்குகளை விற்கும் நிறுவனங்களைப் போன்றவற்றுக்குத்தான் அது, தனிநபருக்கு இல்லை. லோரிகள் மட்டுமே இருந்த நிறுவனமாக இருந்தால் மச்சான் சொல்வது சரியாகியிருக்கும். நிலம் வந்ததால் கணக்கு மாறிவிட்டது.

1976ஆம் ஆண்டு நிலச் சொத்து ஆதாய வரிச் சட்டப்படி, சிலர் கையில் அடங்கிய ஒரு நிறுவனம் நிலம் வாங்கி, அதன் மொத்தப் பொருட்சொத்தில் நிலத்தின் மதிப்பு 75 விழுக்காட்டைத் தொட்டால், அந்தப் பங்கும் நிலம்போலவே கருதப்படும். பங்கை எப்போதோ வாங்கியிருந்தாலும், நிலம் வந்த நாளில்தான் அதை வாங்கியதாகச் சட்டம் கொள்ளும். வாங்கிய விலையும் நீங்கள் போட்ட 30,000 ஆகாது. நிலத்தின் அன்றைய மதிப்பில் உங்கள் விகிதம், அதாவது 180,000 வெள்ளி. இது உங்களுக்குச் சாதகம்தான். 3 லட்சத்துக்கு விற்றால், கழிவுகளுக்கு முன் ஆதாயம் 120,000. குடிமகனுக்கு 2025 ஆகஸ்டு வரை 30 விழுக்காடு, அடுத்த ஓராண்டுக்கு 20, 2027 ஆகஸ்டு வரை 15, அதன்பின் வரி இல்லை. இருபதில் 24,000, பதினைந்தில் 18,000 வெள்ளி.

எதற்கும் முன்னால் 2022 ஆகஸ்டு நிலவரக் கணக்கை வாங்கிப் பாருங்கள். நிலம் 6 லட்சம் என்றால், லோரி, ரொக்கம், வரவேண்டிய பாக்கி எல்லாம் சேர்ந்து அன்று 2 லட்சத்தைத் தாண்டியிருந்தால் 75 விழுக்காடு எட்டியிருக்காது, வரியும் இல்லை. நிலத்துக்கு வாங்கிய வங்கிக் கடனைக் கழித்துக் காட்டாதீர்கள், இந்தக் கணக்கில் கடனுக்கு இடமில்லை. ஒரு பழைய லோரி கணக்கில் விடுபட்டால்கூடப் பதில் தலைகீழாகலாம்.

உண்மையான ஆபத்து அந்த 30,000 வெள்ளிப் பத்திரத்தில் இருக்கிறது. பட்டியலிடாத பங்கு மாற்றத்துக்கு முத்திரை வரி ஆயிரத்துக்கு 3 வெள்ளி. முத்திரையிடும்போதே நிறுவனத்தின் நிகரப் பொருட்சொத்து மதிப்பை, அதாவது கடன் போக மிஞ்சுவதைப் பார்ப்பார்கள், உங்கள் விலை அப்போதே மாட்டிக்கொள்ளும். உறவினருக்கிடையே விற்றதற்குச் சந்தை மதிப்பையே விலையாக வைக்க வருமான வரி வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. அதைவிட மோசம், ரொக்கமாக வரவேண்டிய 270,000 வராமல் போனால் நீங்கள் எங்கும் கேட்க முடியாது. வரியை ஏமாற்றச் செய்த பேரத்தை 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 24ஆவது பிரிவு செல்லாது என்கிறது. பங்கும் போய், பணமும் போய், வரி மட்டும் உங்கள் தலையில் நிற்கும். உறவுக்காரரை நம்பி இப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள் என்னிடம் வரும்போது, செய்வதற்கு எதுவும் மிஞ்சியிருப்பதில்லை.

இன்னொரு வழி சொல்வார்கள்: ‘இப்போதே பணத்தை வாங்கிக்கொள், மாற்றம் 2027 செப்டம்பரில் நடக்கும் என்று எழுதிக்கொள்ளலாம்.’ பலிக்காது. நிபந்தனை வைத்த ஒப்பந்தத்துக்கும், அரசு அனுமதி தேவைப்படும் விற்பனையைத் தவிர, ஒப்பந்தம் போட்ட நாள்தான் விற்ற நாள். தேதி போடாத பங்கு மாற்றுப் படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைப்பதும் அதே கதைதான். பணம் வங்கியில் ஏறிய நாள் உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

முறையாக விற்றால் மச்சான் 3 விழுக்காட்டை, அதாவது 9,000 வெள்ளியைப் பிடித்து 60 நாளுக்குள் வாரியத்தில் கட்டவேண்டும். தவறினால் அவருக்கு 10 விழுக்காடு கூடுதல். நீங்கள் சி.கே.எச்.டி. 1பி என்ற வரிப் படிவத்தையும், அவர் 2ஏ படிவத்தையும் வாரியத்துக்கு அனுப்பவேண்டும். 2025 முதல் வரியை நீங்களே கணக்கிட்டு, மீதியை 90 நாளுக்குள் கட்டவேண்டும்.

வழக்கா? 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 346ஆவது பிரிவில் ஒடுக்குமுறை என்று மனுப் போடலாம். ஆனால் அங்கே நீங்கள் கேட்டுப் பெறக்கூடியது பெரும்பாலும் உங்கள் பங்கை அவரே வாங்கிக்கொள்ளவேண்டும் என்ற உத்தரவுதான். அதைத்தான் அவர் இன்றே தருகிறேன் என்கிறார். வழக்கு வேண்டாம், பேசி முடியுங்கள். ஆனால் நிலத்துக்கு இன்றைய மதிப்பீட்டு அறிக்கை எடுக்காமல் 3 லட்சத்துக்குச் சம்மதிக்காதீர்கள்.

அவசரம் இல்லையென்றால், 2027 ஆகஸ்டு கடக்கும்வரை எதிலும் கையெழுத்துப் போடாமல், ஒரு வெள்ளியும் முன்பணம் வாங்காமல் இருங்கள். மச்சானுக்குத்தான் அவசரம் என்றால் வரியை விலையில் சேர்த்துக் கேளுங்கள். கையில் 3 லட்சம் நிற்க, 20 விழுக்காட்டு ஆண்டில் 330,000, 15 விழுக்காட்டு ஆண்டில் 321,176 வெள்ளி பத்திரத்தில் எழுதப்படவேண்டும். முழுத் தொகையும் வங்கி வழியாக, வழக்கறிஞர் கணக்குக்கு வந்தபின்தான் மாற்றுப் படிவம் உங்கள் கையை விட்டுப் போகவேண்டும்.