பதில்: வேகமாக ஓட்டியவர் ஏன் பின்வரிசையில்?

வணக்கம் நண்பரே. ஒஹையோவின் அரை மைல் எல்டோரா மண்தடத்தில் நடந்த கார் பந்தயத்தில், தகுதிச்சுற்றில் முதலிடம் பிடித்தவரை ஹீட் ரேஸில் (மெயின் பந்தயத்துக்கு முன் நடக்கும் சிறு பந்தயம்) பின்னால் நிறுத்தியது அநியாயமில்லையா என்று கேட்டிருந்தீர்கள். அது தண்டனை இல்லை, 'இன்வர்ட்' முறை. வேகமான முதல் சிலரின் வரிசையைத் தலைகீழாக மாற்றி நிறுத்துவார்கள். இல்லாவிட்டால் வேகமானவர் முன்னாலேயே போய்விடுவார், முந்துவதைப் பார்க்கவே முடியாது.

அதிர்ஷ்டம் அதற்கும் முன்பே நுழைந்துவிடுகிறது. தகுதிச்சுற்றில் யார் எப்போது ஓடுவது என்பதைப் பல இடங்களில் சீட்டெடுத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். முதலில் போகிறவருக்கு ஈரமண், டயர் நன்றாகக் கவ்வும். கார்கள் ஓட ஓட மண் காய்ந்து, கறுத்துப் பளபளத்து வழுக்கும். அப்போது ஓடியும் நல்ல நேரம் எடுத்தவரைத்தான் நான் கவனிப்பேன்.

ஹீட் முடிவுகளைக் குறித்து வையுங்கள், மெயின் பந்தய வரிசை பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும். ஹீட்டில் தேறாதவர்களுக்கு பி-மெயின் என்ற இன்னொரு வாய்ப்புப் பந்தயம் உண்டு.