லெக்ஸ் லூகர்னு ஒரு ட்ராப் (ஹிப்-ஹாப்ல ஒரு வகை) ப்ரொட்யூசர், அதாவது ராப் பாட்டுக்கு பீட்னு சொல்ற பின்னணி இசை போடறவர், அப்படி என்னதான் பண்ணிட்டார்?

சிம்பிளா சொன்னா, 2010க்கு அப்புறம் வந்த ட்ராப் பீட் நிறையதுல இவரோட சாயல் இருக்கும். அமெரிக்கால வர்ஜீனியா, சஃபோக்னு ஒரு ஊர்க்காரர், 1991ல பிறந்தவர், பேரு கூட ஒரு மல்யுத்த வீரர்கிட்ட இருந்து எடுத்ததுதான். வீட்ல உக்காந்து எஃப்எல் ஸ்டூடியோங்கற இசை சாஃப்ட்வேர்ல பீட் போட்டு, மைஸ்பேஸ்ங்கற சோஷியல் மீடியா வழியா அட்லாண்டா ராப்பர் வாக்கா ஃப்ளாக்காவுக்கு அனுப்பிட்டு இருந்த பையன், 2010ல வாக்காவுக்கு இவர் பீட் போட்ட 'ஹார்ட் இன் டா பெயிண்ட்' பாட்டு வந்ததும் ஒரே வருஷத்துல எங்கயோ போயிட்டார். ரிக் ராஸோட 'பி.எம்.எஃப்.', அடுத்து 2011ல ஜே-ஸீ, கான்யே சேர்ந்து பண்ண 'ஹேம்' எல்லாம் இவர் கை பட்டதுதான், அப்போ வயசு இருபதுகூட ஆகல!

ட்ராப்பை இவர் கண்டுபிடிக்கல, அது அட்லாண்டால ஏற்கனவே இருந்துச்சு. இவர் அதை பெருசாக்கினார், அவ்ளோதான். ஹெட்ஃபோன் மாட்டி கேளுங்க: அடில 808ங்கற டிரம் மெஷினோட பேஸ் 'தூம்'னு இழுத்துட்டே போகும், ஸ்னேர் டிரம் நிதானமா விழும், ஆனா மேல ஹை-ஹேட் (டிரம் செட்ல இருக்கற ஜோடித் தட்டு) சத்தம் மட்டும் திடீர்னு தகரக் கூரைல மழை கொட்ற மாதிரி 'தடதட'னு ஓடும், அதுக்கும் மேல பேய்ப்படம் மாதிரி சின்த்ல (எலக்ட்ரானிக் கீபோர்டுல) வர்ற ட்ரம்பெட் சத்தம். மெலடின்னு பாத்தா நாலஞ்சு நோட்டுதான் (எனக்கு அதுவே சில சமயம் போரடிக்கும்).

எல்லாரும் காப்பி அடிக்க ஆரம்பிச்சதும் இவர் மவுசு குறைஞ்சிடுச்சு. ஆனா இவரும் சவுத்சைடுங்கற இன்னொரு ப்ரொட்யூசரும் ஆரம்பிச்ச 808 மாஃபியாங்கற ப்ரொட்யூசர் டீம் அதுக்கப்புறமும் ஹிட்டா குடுத்துட்டு இருந்துச்சு.