கணினிக் கேள்வி பதில்: ஷீட்டும் டிரைவரும்

கேள்வி: அப்பா சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை வாங்கி ஆலைக்கு அனுப்புகிறார். எடை, விலை, முன்பணம் எல்லாவற்றையும் அண்ணன் கைப்பேசியிலேயே கூகள் ஷீட்ஸில் ஏற்றிவிடுவார். குலை கொடுத்தவர்கள் அடையாள அட்டை எண்ணைத் தட்டித் தங்கள் கணக்கைப் பார்க்க பிஎச்பியில் ஒரு தளம் எழுதியிருக்கிறேன். ஷீட்டை டேட்டாபேஸ் போலக் காட்டும் ஓடிபிசி டிரைவர் ஒன்றைப் போட்டு, சாதாரண செலக்ட் கட்டளையில் தரவை எடுக்கிறேன். நன்றாகத்தான் ஓடுகிறது. பணம் போடும் நாள் சாயங்காலம் மட்டும் 429 என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. சர்வரை மாற்ற வேண்டுமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: சர்வர் மேல் குற்றமில்லை தம்பி, அதற்காகக் காசு செலவழிக்காதீர்கள். அளவுக்கு மேல் கேட்டால் கூகள் அனுப்பும் எண்தான் 429.

ஓடிபிசி 1992-இல் மைக்ரோசாஃப்டிடமிருந்து வந்தது. எந்த டேட்டாபேஸாக இருந்தாலும் நிரல் ஒரே மாதிரி கேட்கலாம் என்பதுதான் அதன் நோக்கம். அதே வழியை இணையச் சேவைகளுக்கும் பிற்பாடு திறந்துவிட்டார்கள். நீங்கள் எழுதும் செலக்டை டிரைவர் வாங்கி, கூகளுக்குப் புரியும் இணைய வேண்டுகோளாக மாற்றி அனுப்புகிறது. வரும் விடையை வரிசையும் பத்தியுமாக அடுக்கிக் கொடுக்கிறது. பார்க்க டேட்டாபேஸ் போல இருக்கிறதே தவிர, அந்தப் பக்கம் இருப்பது டேட்டாபேஸ் அல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஷீட்ஸில் ஒரு பயனருக்கு நிமிடத்துக்கு 60 வாசிப்பு வேண்டுகோள்தான் அனுமதி. உங்கள் தளத்துக்கு எத்தனை பேர் வந்தாலும் எல்லாரும் ஒரே கணக்கின் வழியாகப் போவதால், கூகளுக்கு அது ஒரே பயனர். பெயர், எடை, விலை, முன்பணம் என்று பக்கத்துக்கு 4 செலக்ட் ஓடினால், ஒரே நிமிடத்தில் 15 பேர் திறந்ததும் அறுபதும் தீர்ந்தது. பதினாறாவது ஆள் பிழையைத்தான் பார்ப்பார். நானும் இந்த ஊர்க்காரன்தான். பணம் போடும் நாளில் ஆறு மணிக்கு மேல் எத்தனை பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா!

'செலக்டில் வேர் (WHERE) என்ற நிபந்தனை போட்டு ஓர் ஆளின் வரியை மட்டும்தானே கேட்கிறேன்' என்பீர்கள். டிரைவர்கள் வழக்கமாகப் போகும் வழியில், இந்தக் கட்டம் முதல் அந்தக் கட்டம் வரை என்றுதான் ஷீட்ஸிடம் வாசிக்கக் கேட்க முடியும், பெயரைச் சொல்லி வடிகட்டிக் கேட்க முடியாது. அதனால் பெரும்பாலும் டிரைவர் முழுத் தாளையும் இழுத்து, தானே சலித்து உங்களுக்குத் தருகிறது. தாள் நீள நீளப் பக்கமும் மெதுவாகும்.

ஆகவே, வருகிறவர்களை நேராக ஷீட்டுக்கு அனுப்பாதீர்கள். உங்கள் சர்வரிலேயே மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் ஒரு டேபிள் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் நிரல்) ஒன்று டிரைவர் வழியாகத் தாள் முழுவதையும் ஒரே தடவையில் எடுத்து வரட்டும். அதைத் தற்காலிக டேபிளில் கொட்டி, எல்லாம் சரியாக வந்த பிறகுதான் பழைய டேபிளோடு மாற்ற வேண்டும். பாதி ஏறியதை யாரும் பார்க்கக்கூடாது. தளம் மைஎஸ்கியூஎல்லை மட்டும் படிக்கட்டும். 'கடைசியாகப் புதுப்பித்த நேரம்' என்று மேலே ஒரு வரியும் போடுங்கள், பெரியவர்களுக்கு அது நிம்மதி.

எடைப் பத்தியையும் ஒருமுறை பாருங்கள். ஒரு வரியில் 1240, இன்னொன்றில் '1,240 கிலோ', வேறொன்றில் '1.24 டன்' என்று இருந்தால், சில டிரைவர்கள் முதல் சில வரிகளை வைத்தே இது எண்ணா எழுத்தா என்று முடிவு செய்துவிடும். ஒத்துவராத கட்டம் காலியாகக்கூட வரலாம். அண்ணனிடம் சொல்லி வெறும் கிலோ எண் மட்டும் ஏற்றச் சொல்லுங்கள். நாள் முழுக்கக் குலை வெட்டியவருக்கு அந்த எண்தான் கூலி. அதில் தவறு வரவே கூடாது.

இன்னொன்று, கட்டாயம் செய்ய வேண்டியது. அடையாள அட்டை எண்ணை நுழைவுச் சொல்லாக வைக்காதீர்கள், ஷீட்டிலிருந்தும் எடுத்துவிடுங்கள். அந்த எண் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும், யார் கணக்கையும் யாரும் பார்த்துவிடலாம். வியாபாரத்தில் கையாளும் விவரங்களுக்கு மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. ஆளுக்கொரு ரகசிய எண் கொடுத்தால் போதும்.

கேள்வி: கோயில் நன்கொடைக் கணக்கை இதேபோல ஷீட்டிலிருந்து எடுக்கிறோம். ஒவ்வொரு வாரமும் டோக்கன் (கூகள் தரும் நுழைவு அனுமதி) செத்துப்போய், மறுபடி உள்நுழையச் சொல்கிறது. ஏன்?
– வாசகி, பகாவ்

பதில்: கூகள் கன்சோலில் உங்கள் செயலி இன்னும் 'சோதனை' நிலையில் இருக்கும். அந்த நிலையில் கொடுக்கும் ரெஃப்ரெஷ் டோக்கனுக்கு 7 நாள்தான் ஆயுள். உங்கள் வேலைக்கு, ஆளுக்குப் பதில் நிரலே பயன்படுத்தும் சர்வீஸ் அக்கவுண்ட்தான் நல்லது, யாரும் உட்கார்ந்து உள்நுழைய வேண்டியதில்லை. அதற்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும். அந்த முகவரிக்கு ஷீட்டைப் 'பார்வையாளர்' உரிமையோடு பகிருங்கள். திருத்தும் உரிமை வேண்டவே வேண்டாம். அந்தக் கணக்கின் சாவிக் கோப்பைத் தளத்தின் பொது ஃபோல்டருக்குள் வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: விண்டோஸில் டிரைவரைப் போட்டாயிற்று. ஆனால் செயலியில் இணைத்தால் 'ஆர்க்கிடெக்சர் மிஸ்மேட்ச்' என்கிறது.
– வாசகர், தெலுக் இந்தான்

பதில்: ஒன்று 32 பிட், மற்றது 64 பிட். செயலி எதுவோ, டிரைவரும் அதுவாக இருக்க வேண்டும். டிஎஸ்என் (இணைப்பு விவரங்களைச் சேமித்து வைக்கும் பெயர்) உண்டாக்கும்போதும் கவனம்: 64 பிட் விண்டோஸில் ஓடிபிசி நிர்வாகக் கருவி இரண்டு உண்டு. சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பதுதான் 64 பிட்டுக்கு. சிஸ்வாவ்64-இல் இருப்பது 32 பிட்டுக்கு.