எந்த ஸ்லைடு எந்த நிமிடத்தில் மாறியது?

கேள்வி: கல்லூரியில் பவர்பாயின்ட் வைத்து வகுப்பெடுக்கிறேன். குரலைத் தனி ரெக்கார்டரில் பதிகிறேன். ஸ்லைடு மாறும் நேரத்தை மென்பொருளே குறித்துக்கொண்டால், பிறகு இரண்டையும் சேர்த்து வீடியோவாக மாணவர்களுக்குத் தரலாம். வழி உண்டா?

பதில்: பவர்பாயின்ட்டிலேயே உண்டு. 'ஸ்லைடு ஷோ' மெனுவில் 'ரிஹர்ஸ் டைமிங்ஸ்' என்று இருக்கும். ஒத்திகைக்காக வைத்த வசதிதான், ஆனால் வகுப்பையே அதில் நடத்தலாம். மூலையில் ஒரு சின்னக் கடிகாரப் பட்டை ஓடும். முடிந்ததும் மொத்த நேரத்தைக் காட்டி, சேமிக்கவா என்று கேட்கும். அவசரத்தில் 'நோ' அழுத்திவிடாதீர்கள், மொத்தக் கணக்கும் போய்விடும். சேமித்த பிறகு 'ஸ்லைடு சார்ட்டர்' பார்வையில் ஒவ்வொரு ஸ்லைடின் கீழும் அதன் நேரம் தெரியும். முதல் ஸ்லைடு வந்ததும் ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். ஒலி எடிட்டரில் அந்த இடம் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அங்கிருந்து நேரத்தை எண்ணலாம்.

ஆனால் இதில் ஒரு பெரிய குறை உண்டு. ஸ்லைடு எவ்வளவு நேரம் நின்றது என்பதுதான் கோப்பில் பதியும். எந்த வரிசையில் போனீர்கள் என்பது பதியாது. ஒரு மாணவர் சந்தேகம் கேட்க, 12வது ஸ்லைடிலிருந்து 7க்குத் திரும்பிப் போய் விளக்கினால், அதன்பின் வரும் கணக்கெல்லாம் ஒலியோடு பொருந்தாது. நல்ல வகுப்பில் இது நடக்காமல் இருக்காது, நடக்கவும் வேண்டும். மென்பொருளுக்காகச் சந்தேகத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

அதனால் என் பரிந்துரை ஓபிஎஸ் ஸ்டூடியோ. இலவசம். திரையையும் மைக்கையும் ஒரே வீடியோவாகப் பதியும், முன்னும் பின்னும் எப்படிப் போனாலும் ஒலியும் படமும் பிசகாது. சட்டையில் மாட்டும் மைக் ஒன்று வாங்கிவிடுங்கள். லேப்டாப் மைக்கில் மின்விசிறிதான் முதலில் கேட்கும். நேரப் பட்டியலும் வேண்டுமென்றால், எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவி வீடியோவில் காட்சி சட்டென மாறும் நொடிகளை எடுத்துத் தரும். பெரிய அனிமேஷன்களும் அதில் சேர்ந்துவிடும், அவற்றைக் கையால் நீக்க வேண்டியிருக்கும்.

பவர்பாயின்ட்டின் 'ரெக்கார்ட்' வசதி குரலையும் சேர்த்தே பதியும். ஆனால் ஸ்லைடு மாறும் கணத்தில் பேசினால் அந்தச் சொல் விழாது, ஒவ்வொரு முறையும் நிறுத்திப் பேச வேண்டும். தனி அறையில் பதிவதற்குச் சரி, வகுப்பறைக்கு ஒத்துவராது.

ரிஹர்ஸ் முறையையே பயன்படுத்துவதானால், அடுத்த வகுப்புக்கு முன் 'யூஸ் டைமிங்ஸ்' என்ற பெட்டியில் டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் போன வகுப்பின் வேகத்தில் ஸ்லைடுகள் தாமாகவே நகர ஆரம்பித்துவிடும்.