45 நாளில் பி.டெக்.

அன்புள்ள ஐயா,
வாளையார் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 21 வருடமாக மோட்டார், பேனல் வேலை பார்க்கிறேன். படிப்பு பத்தாவது, அப்புறம் இரண்டு வருட ஐடிஐ. புதிதாக வரும் பி.டெக். பையன்களுக்கு நான்தான் வேலை சொல்லிக்கொடுக்கிறேன். ஆறே மாதத்தில் எனக்கு மேலே போய்விடுகிறார்கள். 'உங்கள் அனுபவத்தை வைத்து 45 நாளில் பி.டெக்., 80 ஆயிரம்' என்கிறார் ஓர் ஏஜென்ட். பழைய தேதி போட்ட மார்க் ஷீட்டும் உண்டாம். வாங்கலாமா?
— ஒரு வாசகர், சித்தூர் தாலுகா, பாலக்காடு

அன்புள்ள நண்பருக்கு,

வாங்காதீர்கள். பழைய தேதி என்று அவர் சொன்னபோதே விஷயம் முடிந்துவிட்டது. உங்கள் 21 வருடத்தையா அவர் மதிக்கிறார்? ஸ்க்ரூ டிரைவரையே தொடாத ஒருவர் போனாலும் அதே விலைக்கு அதே காகிதம்தான். மோட்டாரைப் பற்றி உங்களிடம் ஒரு கேள்வியாவது கேட்டாரா?

அனுபவத்துக்குப் பட்டம் என்பதே ஏமாற்று வேலை இல்லை. பிரான்சில் 2002 ஜனவரியில் அதற்குச் சட்டமே வந்தது. என்ன வேலை செய்தேன், பழுது வந்தபோது எப்படி யோசித்தேன் என்று விரிவாக ஒரு கோப்பு எழுதி, நடுவர் குழு முன்னால் உட்கார வேண்டும். குழு முழுப் பட்டமும் தரலாம், ஒரு பகுதியை மட்டும் ஒப்புக்கொள்ளலாம், வெறுங்கையோடும் அனுப்பலாம். முதலில் மூன்று வருட அனுபவம் கேட்டார்கள். 2016இல் அதை ஒரு வருடமாக்கினார்கள். பிறகு அந்தக் குறைந்தபட்ச வரம்பையும் எடுத்துவிட்டார்கள்.

இங்கே கதை வேறு. யார் பட்டம் தரலாம் என்பதை 1956ஆம் வருட யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. என் உறவுக்காரர் ஒருவர் இப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு வளைகுடாவுக்குக் கிளம்பினார். சரிபார்க்கக் காகிதம் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அப்படி ஒரு பதிவெண்ணே இல்லை என்று பதில் வந்தது. பணம் போனது கிடக்கட்டும், 'சேட்டன் எஞ்சினீயரல்லே?' என்று டீக்கடையில் இன்னும் கேட்கிறார்கள்.

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். 2022இல் யுஜிசி நடைமுறைப் பேராசிரியர் என்று ஒரு பதவி கொண்டுவந்தது. 15 வருட அனுபவம் இருந்தால் பட்டம் கட்டாயமில்லை, கல்லூரியில் பாடம் எடுக்கலாம். (அதுவும் பெரிய நாற்காலியில் இருந்தவர்களுக்குத்தான். பேனல் முன்னால் நிற்பவரை யார் கூப்பிடுவார்கள்?) பாடம் எடுக்க உதவும் அனுபவம் பட்டம் வாங்க உதவாது!

உங்களுக்கு இருக்கும் வழி நீளமானது. ஐடிஐக்காரர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.டெக்.கிலும் அப்படியே. வேலையில் இருப்பவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தும் கல்லூரிகளும் உண்டு. ஐந்து வருடமாவது ஆகும். கணக்குப் பாடம் கடிக்கும்.

அதற்கு முன்னால், பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி நீங்களும் ஒரு கோப்பு எழுதி மேனேஜர் மேசையில் வையுங்கள். பதவி உயர்வுக்குப் பட்டம்தான் வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். எனக்கும் ஒரு பிரதி வேண்டும். எங்கள் கிணற்று மோட்டார் இந்தக் கோடையில் இரண்டு தடவை காயில் கருகிவிட்டது. ஏன் என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.