வைரத்துக்குள் ஒரு குவாண்டம் சென்சார்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

குவாண்டம் சென்சார் (அணு, எலக்ட்ரான் அளவில் நடக்கும் மாற்றங்களை வைத்து அளக்கும் கருவி) பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றிருந்தேன். என் வேலை வைரத்தோடுதான் என்பதால் பதிலெல்லாம் வைரத்தைச் சுற்றியே இருக்கும்.

கேள்வி: அக்கா, வைரம் எப்படி சென்சார் ஆகும்?

அதில் ஒரு குறை இருக்கவேண்டும். ஒரு கார்பன் அணுவின் இடத்தில் நைட்ரஜன் உட்கார்ந்து, அதை ஒட்டிய இடம் காலியாக இருந்தால் அதுதான் என்வி மையம் (நைட்ரஜன்-வேகன்ஸி, அதாவது நைட்ரஜனும் காலியிடமும்). அதன் மேல் பச்சை லேசர் அடித்தால் சிவப்பாக ஒளிரும், கூடவே 2.87 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் கொடுத்தால் அந்தச் சிவப்பு லேசாக மங்கும். பக்கத்தில் காந்தப்புலம் இருந்தால் மங்குகிற அந்த அதிர்வெண் இரண்டாகப் பிரிந்து, ஒரு காஸுக்கு (காந்தப்புலத்தின் அலகு) 2.8 மெகாஹெர்ட்ஸ் வீதம் இருபக்கமும் விலகும். விலகலை அளந்தால் புலம் தெரிந்துவிடும். இத்தனையும் அறை வெப்பநிலையிலேயே நடக்கிறது!

கேள்வி: நகைக்கடை வைரமா?

இல்லை, சிவிடி முறையில் (வாயுவிலிருந்து கார்பனைப் படியவைத்து) வளர்த்த சில மில்லிமீட்டர் துண்டு.

கேள்வி: அணுக்கருக்களின் காந்த சிக்னலை வைத்து மூலக்கூறுகளை ஆராயும் என்எம்ஆர் கருவி இருக்கும்போது இது எதற்கு மேடம்?

ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். 400 மெகாஹெர்ட்ஸ் என்எம்ஆர் கருவியில்கூட ஒரு லட்சம் ஹைட்ரஜன் அணுக்கருவுக்கு மூன்றுதான் ஒரு பக்கமாகக் கூடுதலாக நிற்கும், மீதியெல்லாம் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். அதனால்தான் அங்கே கோடானுகோடி மூலக்கூறுகள் தேவை. 2013-ல் ஐபிஎம்மின் அல்மாடன் ஆய்வகக் குழுவும் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் குழுவும், நானோமீட்டர் அளவிலான குட்டி இடத்திலிருந்த ஹைட்ரஜனின் சிக்னலை என்வி மையத்தால் பிடித்தார்கள். 2016-ல் ஹார்வர்டில் தனி உபிகுவிட்டின் புரதம் வரைக்கும் போனார்கள்.

கேள்வி: அப்புறம் எங்கே சிக்கல்?

மேற்பரப்பில். தூரம் இரண்டு மடங்கானால் அணுக்கருவின் புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும், அதனால் என்வி மையம் மேற்பரப்புக்கு 5, 10 நானோமீட்டர் கீழேயே இருந்தாகவேண்டும். ஆனால் அங்கேதான் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் ஓயாமல் இரைச்சல் போடுகின்றன. கிட்டத்தட்ட கார்பன்-12 மட்டும் உள்ள வைரத்தின் ஆழத்தில் 1.8 மில்லிவினாடி வரை தாங்கிய ஸ்பின் (என்வி மையத்து எலக்ட்ரான்களின் குட்டிக் காந்த நிலை), மேற்பரப்பை ஒட்டினால் பெரும்பாலும் மைக்ரோவினாடிகளிலேயே கலைந்துவிடும். நைட்ரிக், சல்ஃப்யூரிக், பெர்குளோரிக் மூன்று ஆசிடையும் கலந்து அதில் வைரத்தைக் கொதிக்கவைத்துத் துடைத்தெடுத்தாலும் கிராஃபைட்டும் அழுக்கும்தான் போகும், இரைச்சல் முழுசாகப் போகாது. புதுப்புது பல்ஸ் வரிசைகள் (மைக்ரோவேவை விட்டுவிட்டு அடிக்கும் முறைகள்) கண்டுபிடிப்பதில் காட்டுகிற உழைப்பில் பாதியையாவது மேற்பரப்பு வேதியியலுக்குத் தரவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கேள்வி: மெட்டீரியல்ஸ் பக்கம் பயன் உண்டா?

அங்கே ஏற்கெனவே நல்ல பலன் கிடைக்கிறது. 2019-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் குழு என்வி மையம் உள்ள வைர முனையைக் குரோமியம் டிரையோடைடு என்ற அடுக்கடுக்கான காந்தப் பொருள் மேல் நகர்த்திப் படமெடுத்தது: ஒற்றைப்படை அடுக்குகளில் ஓரடுக்கின் அளவுக்குக் காந்தத்தன்மை, இரட்டைப்படையில் கிட்டத்தட்ட பூஜ்யம். சில அணு தடிமன்தான் பொருளே, அதை இவ்வளவு தெளிவாகப் பார்ப்பது பெரிய விஷயம்.

கேள்வி: நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, எனக்கு இதில் இடம் உண்டா அக்கா?

தாராளமாக! மேலே சொன்ன சிக்கலே உங்கள் பாடம்தான். ஸ்பின், ராபி அலைவு, ஸ்பின் எக்கோ இந்த மூன்றையும் படித்துவிட்டு வாருங்கள், லேசரைச் சீரமைப்பதெல்லாம் லேபில் வந்து கற்றுக்கொள்ளலாம்.