ஒட்டுப்போர்வை தைக்கும் முன் மிச்சத் துணித் துண்டுகளை நனைக்க வேண்டுமா?

பருத்தி என்றால் கட்டாயம் நனையுங்கள். முன்நனைப்பு என்றால், தைக்கும் முன்பே துணியைச் சுருங்கவிடுவது. தறியில் இழுபட்ட நூல் தண்ணீர் பட்டதும் தளர்ந்து சுருங்கும். புதுப் பருத்தி 100 செ.மீ.க்கு 3 முதல் 5 செ.மீ. வரை குறையலாம். நனைக்காத லைனிங் வைத்துத் தைத்த ரவிக்கை முதல் சலவையிலேயே இழுத்துக்கொள்கிறதே, அதேதான். பழைய சேலைத் துண்டும் தையல்கடைப் புதுத் துண்டும் அடுத்தடுத்து வந்தால் இன்னும் மோசம்: பழையது ஏற்கெனவே சுருங்கியிருக்கும், புதியது மட்டும் சுருங்கி இழுக்கும்.

உள்ளங்கையளவுத் துண்டுகளை மெஷினில் போடாதீர்கள், ஓரம் பிரிந்து நூல் சிக்காகும். கிண்ணத்தில் அரைமணி ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் குளியல் டவலில் ஒற்றி எடுங்கள். புதுச்சேரிக் கடல்காற்றில் ஈரம் லேசில் போகாது. இஸ்திரி போட்டே முழுக்க உலர்த்துங்கள், பூஞ்சை வாடை வராது. சிவப்பு, கருநீலத்தைத் தனியாக நனையுங்கள்.

கல்லுப்பு போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். நிற்காது, தண்ணீர் தெளியும்வரை அலசத்தான் வேண்டும்.